தென்காசிக் கோபுரம் வந்த வழி

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போகும். குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்து முடித்த கூட்டம், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காசி விசுவநாதர் கோயிலைப் பார்க்க வந்து இறங்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கால் வைத்ததும் அத்தனை பேரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். காற்று அப்படி! செங்கோட்டைக் கணவாய் வழியாக மலை தாண்டி வரும் மேல்காற்று, அந்தக் கல்வாசலின் இடுக்கில் புகுந்து வேகம் பிடிக்கும். வேட்டி படபடக்கும், குழந்தைகள் கையை விரித்துக்கொண்டு ஓடும். சாமி கும்பிடும் நினைப்பே இல்லாமல், காற்று வாங்குவதற்காக மட்டும் அந்த வாசலில் வந்து உட்காரும் உள்ளூர்ப் பெரியவர்களும் உண்டு.

அவர்கள் தலைக்கு மேல் நிற்பது ஒன்பது நிலைக் கோபுரம், ஏறத்தாழ 178 அடி. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை அண்ணா சாலையில் கிட்டத்தட்ட இதே எண்ணை மறுபடியும் சந்திக்கப்போகிறோம்.

வானத்தைத் தொடும் கட்டடம் என்றதும் நமக்கு நியூயார்க்கும் துபாயும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உயரத்துக்காகப் போட்டி போட்டுக் கட்டுவதும், கட்டியதை அடுத்தவர் முறியடிப்பதும், பாதியில் நின்றதை இன்னொருவர் முடிப்பதும் நம் ஊரில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் பெயர்தான் கோபுரம். அதன் கதை கோயிலில் தொடங்கவில்லை என்பதுதான் முதல் வியப்பு.

கோபுரம் முதலில் கோட்டைக்கும் நகரத்துக்கும் உரியது. நகர மதிலில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே காவலர் நின்று பார்க்க ஒரு மாடி, அந்த மாடிக்கு ஒரு கூரை. சாஞ்சியின் கல் தோரணங்களிலும் அமராவதிச் சிற்பங்களிலும் இப்படிப்பட்ட மாடிவைத்த நகர வாசல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1930இல் பண்டைய இந்திய நகர வாசல்களைப் பற்றி விரிவாக எழுதியபோது இந்தச் சிற்பங்களைத்தான் சான்றாக எடுத்துவைத்தார். நம் சங்க இலக்கியத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனை வாசல் வருகிறது. குன்றைக் குடைந்தாற்போன்ற வாசல், உயர்த்திய கொடியோடு யானை நுழையும் உயரம். கோபுரம் என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் கோபுரத்தின் கரு அங்கே இருக்கிறது.

அந்தப் பழைய காவல் மாடியின் கூரை இன்றும் கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது. தென்காசிக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். தலைப்பகுதி நீளவாக்கில், மாட்டு வண்டிக் கூடாரம் போல வளைந்திருக்கும். சிற்ப நூல்கள் இதைச் சாலை என்கின்றன. மூங்கிலை வளைத்துக் கட்டி மேலே புல் வேய்ந்த கூரையின் வடிவம் அது. மரமும் புல்லும் மட்கிப்போய்ச் செங்கல்லும் சுதையும் வந்த பிறகும், கொத்தர்கள் தாத்தா காலத்துக் கூரையை விடவில்லை. இத்தனை பெரிய கோபுரம் தலையில் ஒரு குடிசையைச் சுமந்து நிற்கிறது என்பதை அறிந்த நாளிலிருந்து எனக்குக் கோபுரங்கள் இன்னும் நெருக்கமாகிவிட்டன.

பல்லவர் காலத்தில் கோபுரம் கோயிலுக்குக் குடிவந்தது; அப்போது அது சின்னப்பிள்ளை. காஞ்சி கைலாசநாதர் கோயில் வாசலில் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத உயரம். கருவறைக்கு மேலே எழும் விமானம்தான் அந்தக் கால அரசன். ராஜராஜன் 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தபோது, விமானம் 216 அடிக்கு எழுந்தது. அதன் முன்னே நிற்கும் கேரளாந்தகன் வாசல் ஐந்து நிலை, ராஜராஜன் வாசல் மூன்று நிலை. இரண்டும் விமானத்துக்கு முன்னால் வாயில்காப்போர் போல அடக்கமாக நிற்கின்றன.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. காரணம் எளிது. பாடல் பெற்ற பழைய தலங்களில் கருவறையை யாரும் தொட முடியாது. மூலவர் சிறிய விமானத்தின் கீழ் இருந்தால் இருந்தபடியே இருக்க வேண்டும். ஆனால் திருவிழாக்கள் பெருகின, மண்டபங்கள் பெருகின, சுற்றிச் சுற்றி மதில்கள் எழுந்தன. புதிய அரசன் தன் பெயரை எங்கே எழுதுவான்? வெளி மதிலில்தான், அதன் வாசலில்தான். ஆகவே வெளியே போகப் போக வாசல் உயர்ந்தது. சிதம்பரத்தில் ஏழு நிலைகளோடு நான்கு திசைக்கும் கோபுரங்கள் எழுந்து, வாசல் சுவர்களில் பரத நாட்டியத்தின் கரணச் சிற்பங்களும் ஏறியபோது, கோபுரம் விமானத்தை ஒதுக்கிவிட்டுத் தானே கோயிலின் அடையாளமாகிவிட்டது.

இதில் ஒரு வேதனையும் உண்டு. கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்குத் தொலைவில் தெரிந்த கோபுரம்தான் கடவுள். கோபுர தரிசனம் கோடிப் புண்ணியம் என்ற பேச்சை இன்று எல்லோரும் சொல்கிறோம். அதை வேறு வழியில்லாமல் சொன்னவர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

உயரம் கூடியதும் தொழில்நுட்பம் மாறியது. தஞ்சை விமானம் முழுக்கக் கருங்கல். கோபுரத்துக்கோ கீழே இரண்டு தளம் வரை மட்டும் கல், அதற்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். நடுவில் யானையும் தேரும் போகும் அளவுக்கு ஓட்டை விட்டாக வேண்டிய கட்டடம் இது, மேலே எடை குறைந்தால்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையை விடச் சிறுத்தது, உள்ளே கூடாக விடப்பட்டது. நிலைக்கு நிலை நடுவில் ஒரு திறப்பு, தளம் தாங்க மர உத்தரங்கள். சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைத்தார்கள், கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்தார்கள். அந்தச் சாந்து மெல்ல இறுகும். இறுகிய பிறகும் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று பெரும்பாலும் ஒற்றைப்படையில் நிலைகள். உச்சியில் கலசங்கள், கலசத்துக்குள் வரகும் பிற தானியங்களும்.

துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். 2010 ஜனவரியில் திறந்தார்கள். மேலே போகப் போக அதுவும் படிப்படியாக உள்வாங்குகிறது. ஒவ்வொரு உயரத்திலும் வடிவம் மாறுவதால் காற்றால் ஒரே தாளத்தில் தள்ள முடிவதில்லை என்று அதை வடிவமைத்தவர்கள் விளக்கினார்கள். நம் கொத்தர்கள் எடைக்காகச் செய்ததை அவர்கள் காற்றுக்காகச் செய்தார்கள். காரணம் வேறாக இருந்தும் இரண்டு கட்டடமும் மேலே குறுகித்தான் போகின்றன.

இனித் தென்காசிக்கு வருவோம். மதுரையை இழந்த பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கிய காலம். சிற்றாற்றங்கரையில் ஒரு சிறு ஆட்சி. அதன் அரசன் கனவில் சிவன் வந்து, எறும்புச் சாரி போகும் வழியே போ என்றானாம். அது முடிந்த இடத்தில் லிங்கம் இருந்ததாம். காசி வரை போக முடியாத தெற்கத்தி மக்களுக்காகக் காசியையே இங்கே வரவழைத்தான் பராக்கிரம பாண்டியன் என்பது ஊர்க்கதை. கல்வெட்டு தரும் கணக்கு இன்னும் துல்லியம். 1446இல் கோயில் வேலை தொடங்கியது. 1457இல் கோபுரத்துக்குக் கல் வைத்தான். 1463இல் அவன் காலம் முடிந்தது. கோபுரம் முடியவில்லை. தம்பி குலசேகர பாண்டியன்தான் முடித்துவைத்தான்.

பராக்கிரமன் விட்டுப்போனவற்றுள் கோபுரத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது, அவன் கல்லில் வெட்டிவைத்த பாட்டுகள். அவற்றுள் ஒன்றின் கருத்து இது: இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகறிய அவர்களை நான் வணங்குகிறேன். தன் படைப்பு சூரிய சந்திரர் உள்ளவரை நிற்கும் என்று எழுதிவைத்த அரசர்கள் ஏராளம். அதைக் கெடுப்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சபித்தவர்களும் ஏராளம். கட்டி முடிக்கும் முன்பே பழுதை நினைத்து, பிறக்கப்போகும் கொத்தனுக்குத் தலை வணங்கிய அரசன் என்றால் எனக்கு இவன்தான் நினைவுக்கு வருகிறான்.

அவன் காலத்துக்குப் பின் கோபுரம் ஓட்டமெடுத்தது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர், வென்ற ஊரிலும் வணங்கிய ஊரிலும் கோபுரம் எழுப்பினார். காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி, திருவண்ணாமலை என்று வரிசையாக. ராயர் கட்டியது ராயகோபுரம் என்ற பெயர் பிறந்து, பிறகு பெரிய கோபுரம் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. திருவண்ணாமலைக் கிழக்குக் கோபுரம் 217 அடி. ராயர் தொடங்கினார், முடித்தது தஞ்சையின் செவ்வப்ப நாயக்கர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 190 அடி. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்த போட்டிதான். ஆனால் போட்டியில் தோற்றவையும் இன்று பார்க்க நிற்கின்றன. மதுரையில் திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம், புதுமண்டபத்துக்குக் கிழக்கே அடித்தளத்தோடு நின்றுபோனது. ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராயகோபுரமும் அப்படித்தான் நின்றது.

மலைக்கு மேற்கே இந்த ஓட்டம் அதிகம் போகவில்லை. தென்காசியிலிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் கோயில்கள் சரிவுக் கூரை போட்டிருக்கும். அங்கே பெய்யும் மழைக்கு அதுதான் பொருத்தம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் அங்கே ஓர் அபூர்வ விருந்தாளி. குற்றாலமும் பாதி மலைநாடுதான். குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் படுத்திருக்கிறது. சித்திரசபைக்குச் செப்புத் தகட்டுக் கூரை. பின்னால் நிற்கும் திரிகூட மலையை விட உயரமாக அங்கே யாரும் எதுவும் எழுப்ப முயலவில்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளிச் சமவெளியில்தான் கோபுரத்துக்கு வேலை இருந்தது.

அடுத்த தாவல் கடல்மேல். அதைச் செய்தவர்கள் அரசர்கள் அல்லர், வியாபாரிகள். 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்து இறங்கியவர் நாராயண பிள்ளை. காடாகக் கிடந்த தீவில் வீடுகள் எழப்போகின்றன என்று கணக்குப் போட்டு, அவர் தொடங்கிய தொழில் செங்கல் சூளை. அதே மனிதர்தான் 1827இல் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். முதலில் அது மரமும் ஓலையும். 1903இல் மூன்று நிலைக் கோபுரம், 1925இல் இன்று காணும் ஆறு நிலைக் கோபுரம். குடிசையிலிருந்து கோபுரமாக வாசல் வளர்ந்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கதையைச் சவுத் பிரிட்ஜ் சாலையில் நூறு ஆண்டுக்குள் மறுபடியும் நடத்திக் காட்டிவிட்டார்கள். நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துக் கொத்தர்கள் கப்பலேறிப் போய்ச் செய்த வேலை அது. கோலாலம்பூர், பாங்காக், சைகோன் என்று தமிழ் வியாபாரியும் தொழிலாளியும் போன துறைமுகம்தோறும் கோபுரமும் போனது. பர்மாவில் சம்பாதித்த நகரத்தார் பணம் திரும்பி வந்து இங்குள்ள திருப்பணிகளுக்குச் செலவானது. பெயரே மொட்டைக் கோபுரம் என்று இருந்த மதுரை வடக்குக் கோபுரம், 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் கையால்தான் நிறைவு பெற்றது.

அதே நகரத்தார் மரபில் வந்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அவர் நிறுவியது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவருடையது. அதற்குச் சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், பதினெட்டு மாடித் தலைமையகம் கட்ட அவர் ஆசைப்பட்டார். சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்துவந்த ஊரில், கான்கிரீட் தூண்கள் எடையைத் தாங்கச் சுவர் வெறும் திரையாக நிற்கும் கட்டடம். 1885இல் சிகாகோவில் 138 அடிக்கு எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம்தான் இந்த வகைக்கு முன்னோடி; அதுவும் காப்பீட்டுக் கட்டடம் என்பது பொருத்தமான தற்செயல். செட்டியார் தன் கட்டடத்தைப் பார்க்கவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்து, 1959 ஆகஸ்டு 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயால் திறக்கப்பட்டது. பதினைந்து தளம், 177 அடி. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான அலுவலகக் கட்டடம்.

தென்காசிக் கோபுரத்துக்கும் அதற்கும் ஓர் அடி வித்தியாசம். ஊரிலிருந்து சென்னைக்குப் போனவர்கள் எல்.ஐ.சி.யை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து கதை சொன்ன காலம் உண்டு. சினிமாவில் கதாநாயகன் சென்னை வந்து சேர்ந்ததைக் காட்ட அந்தக் கட்டடம் ஒன்றே போதும். ஆனால் அது திறக்கப்பட்ட நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருவண்ணாமலையும் அதைவிட உயரமாக, பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தன. மனிதர் குடியிருக்காத கட்டடத்தை உயரப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தால் நம் கொத்தர்கள் கணக்கில் வராமல் போனார்கள். இந்த ஒன்றில் எனக்கு வருத்தம் உண்டு.

இதற்கிடையில் தென்காசிக் கோபுரம் என்ன ஆனது? பராக்கிரமன் அஞ்சிய குறை வந்தேவிட்டது. மேல்நிலைகள் அழிந்து, பிளந்துபோன மொட்டைக் கோபுரமாக அது தலைமுறைகளாக நின்றது. பிறந்ததிலிருந்து முழுக் கோபுரத்தையே பார்க்காமல் கண்மூடிய தென்காசிக்காரர்கள் எத்தனையோ பேர். கடைசியில் தினத்தந்தி அதிபர் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் ஒன்பது நிலையும் எழுந்தது. 1990இல் குடமுழுக்கு. ஐந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் பாண்டியன் வணங்கிவைத்த அந்த யாரோ ஒருவருக்கு, அன்று முகம் கிடைத்தது. பணம் கொடுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள், சுதை பிடித்தவர்கள் என்று அந்த வணக்கத்தில் பங்குள்ளவர்கள் பலர்.

அந்தச் சில ஆண்டுகள் கோபுரங்களுக்கு நல்ல காலம். ஸ்ரீரங்கத்தில் நானூறு ஆண்டுக்கும் மேலாக நின்றுபோயிருந்த ராயகோபுரத்தை, அகோபில மடத்தின் 44ஆவது அழகிய சிங்கர் எடுத்துக் கட்டி, 1987 மார்ச் 25 அன்று பதின்மூன்று நிலையோடு நிறைவு செய்தார். உயரம் ஏறத்தாழ 236 அடி. 2008இல் கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வரக் கோபுரம் ஏறத்தாழ 237 அடியோடு வந்தது. அதற்குள் மின்தூக்கி வைத்திருக்கிறார்கள். மேலேறி நின்று கடலைப் பார்க்கலாம். காவலர் ஏறிப் பார்த்த மாடி, இத்தனை நூற்றாண்டு கழித்து மறுபடியும் மனிதர் ஏறிப் பார்க்கும் மாடியானது. அளவுகளை ஓரடி இப்படியும் அப்படியும் சொல்வதால், எது பெரியது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

ஜெர்மனியின் ஹாம் நகரத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் குடமுழுக்குக் கண்டது. போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பியது. கோபுரம் பதினேழு மீட்டர். நம் ஊர் அளவுக்கு அது சிறியது. ஆனால் மதிலும் அரசனும் ராயரும் இல்லாத நாட்டில், ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது நம் வாசல் என்று சொல்ல அந்தப் பதினேழு மீட்டர் போதுமாக இருந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையிலும் கோபுரம்தான் இருக்கிறது. அது ஸ்ரீவில்லிபுத்தூரா, மதுரையா என்று இன்றும் வாதாடுகிறோம். அந்த வாதத்தில் தோற்கும் ஊருக்கும் பெருமைதான்.

இத்தனை பயணத்துக்கும் நடுவே ஒரு நாளை மறக்கக்கூடாது. 2010 மே 26. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய காளஹஸ்திக் கோபுரம், முன்பே விரிசல் கண்டிருந்தது, அன்று இரவு அப்படியே சரிந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நின்றது, சில நொடிகளில் மண்மேடானது. புதிய கோபுரம் 2017இல்தான் நிறைவு பெற்றது. கோபுரத்துக்குப் பகை பெரும்பாலும் சிறியதாகத்தான் தொடங்குகிறது. பறவை போட்ட ஓர் அரசவிதை செங்கல் இடுக்கில் விழுந்து, ஒரு சாரலில் முளைத்து, அடுத்த சாரலில் வேர்விட்டு, சில ஆண்டுகளில் சுவரைப் பிளக்கும். தென்காசியில் சாரலுக்குப் பஞ்சமில்லை.

அடுத்த முறை குற்றாலத்தில் குளித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தால், வாசலில் காற்று வாங்கி முடித்ததும் கொஞ்சம் வெளியே வந்து, கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, ஒன்பது நிலையையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எந்த இடுக்கிலாவது அரசங்கன்று ஒன்று பச்சையாகத் தலைகாட்டினால், கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.